இடிமுட்டிக்கு யார் குரல்?

இடிமுட்டி பெண்ணாகிவிட்டான் என்ற சேதி சனிக்கிழமை மதிய பஸ்ஸில் நாகலூருக்கு வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் பொன்னுவேல். எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை சேலம் போய் சர்க்கரை மாத்திரையும் இடிமுட்டி புத்தகமும் வாங்கி வருவது அவர் பொறுப்பு. இரண்டில் எது தீர்ந்தாலும் ஊருக்குள் நாலைந்து கிழவர்களுக்குக் கை நடுங்கும்.

இறங்கியவர் நேரே, அதே எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கிய சூசைமாணிக்கம் மேஸ்திரி வீட்டுக்குப் போய், துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து கெட்ட ரிப்போர்ட் கொண்டுவந்தவன் முகம்.

"பாத்துக்கோங்க மேஸ்திரி. நான் ஒண்ணும் சொல்லலைங்க."

அட்டையில் அதே கறுப்பு முகமூடி. வலது கையில் அதே பித்தளை உறை. ஆனால் முகமூடிக்குப் பின்னால் ஒரு சடை தொங்கியது.

சூசைமாணிக்கம் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார். சடையை நகத்தால் சுரண்டியும் பார்த்தார். போகவில்லை.

"அச்சடிச்சவன் அட்டைய மாத்தி ஒட்டிட்டான்."

"உள்ளயும் அப்படித்தானுங்க. பஸ்ஸு இருவது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியற வரைக்கும் பொரட்டிப் பாத்துட்டேன். எல்லா வளைவுலயும் பொம்பளதானுங்க."

"நம்ம ஆளு என்ன ஆனாரு?"

"இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கறாருங்க. கூட ஒர்க் ஷாப்புல வேலை பாத்த செல்விங்கற புள்ளகிட்ட முகமூடியக் கழட்டிக் குடுத்துட்டாருங்க."

"பதினெட்டாவது மாடில இருந்து உழுந்தப்ப ஒடியாத இடுப்பு, இப்ப எப்படிடா ஒடியும்? இதுல ஏதோ இருக்குது."

இதுல ஏதோ இருக்குது என்பது சூசைமாணிக்கத்தின் வேதவாக்கு. மழை பெய்தாலும் அதில் ஏதோ இருக்கிறது, பெய்யாவிட்டாலும் ஏதோ இருக்கிறது. பங்குச்சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால் கட்டாயம் ஏதோ இருக்கிறது. எழுபத்தொரு வயதில் அவர் முழுசாக நம்பியது மூன்று பேரைத்தான். மேலே கர்த்தர், கீழே இடிமுட்டி. மூன்றாவது ஆளை அவர் வெளியே சொன்னதில்லை. அது அவர் மனைவி ஜெயமேரி.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இடிமுட்டி ஒரு படக்கதை வீரன். பகலில் துறைமுகத்து ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் பிடிப்பான். எங்காவது அக்கிரமம் நடந்தால் முகமூடி போட்டுக்கொண்டு ஒரே குத்து. எண்பத்து மூன்றாம் வருஷம் நாகலூர் எஸ்டேட் லைன் வீடுகளில் புத்தகம் ஒன்று, கேட்பதற்குக் காது இருநூறு, படிக்கத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் நூர் முகமது பாயின் டீக்கடையில் கூடிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்கள். சும்மா படிப்பதல்ல, ஆளுக்கொரு குரல். வில்லன் குரல் பாய்க்கு. "அகப்பட்டாயா!" என்று அவர் டீ ஆற்றினால் முன்வரிசைக்காரன் நெற்றியில் துளி தெறிக்கும். இடிமுட்டி குரல் சூசைமாணிக்கத்துக்கு. இந்தச் சரிவில் நின்று அந்தச் சரிவில் காப்பி பறிக்கிற பெண்களை அதட்டி அதட்டிப் பழுத்த தொண்டை அது. அந்தக் குரலுக்கென்று கடையில் கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு பெஞ்சு.

பெண் குரலா? அது பொன்னுவேலுக்கு. துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கீச்சுக் குரலில் "ஐயோ! காப்பாற்றுங்கள்!" என்பார். அந்தப் புத்தகத்தில் பெண்களுக்கு எழுதிய வசனம் மொத்தமும் அவ்வளவுதான். கடத்தினாலும் அதே, கடலில் தள்ளினாலும் அதே. தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த ஒருத்திகூட மூன்றாம் பக்கத்தில் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். மீசைக்கார வாட்ச்மேன் ஒருவர் பெண் குரலில் அலறுவதை நாற்பது வருஷமாக யாரும் தப்பு என்று சொன்னதில்லை. அது கலை. பூசை முடிந்து வந்த பெண்கள், புருஷன்மார் படித்து முடிக்கும் வரை கடைக்கு வெளியே குடையோடு நின்றார்கள். உள்ளே வந்து ஒரு வரி படியுங்கள் என்று யாரும் கூப்பிட்டதில்லை. அது ஒழுக்கம்.

இனி அந்த மூன்றாவது ஆள் விஷயம். சூசைமாணிக்கத்துக்கு எழுத்தே தெரியாது என்றால் பொய். பஸ் போர்டு படிப்பார். ரேஷன் கார்டில் தன் பேரை விரல் வைத்துக் காட்டுவார். ஆனால் "துரோகியே, உன் மூச்சு அடங்கும் வேளை நெருங்கிவிட்டது" என்பதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் துரோகிக்கு வயதாகித் தானாகவே செத்துப்போவான். கல்யாணமான புதிதில், "கண்ணு எரியுது, நீ படி" என்று புத்தகத்தை ஜெயமேரி கையில் கொடுத்தார். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அன்றைக்கு எரிய ஆரம்பித்த கண் இன்னும் ஆறவில்லை.

மாதாமாதம் சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் அவள் படிப்பாள். எந்த இடத்தில் நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது, எங்கே பல்லைக் கடிப்பது எல்லாம் அவளே. அவர் திருப்பிச் சொல்வார். மறந்துபோய் முழித்தால் ஒருமுறை இருமுவாள். ஆரம்பி என்று அர்த்தம். மறுநாள் டீக்கடையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து ஒப்பித்துவிடுவார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சூசைமாணிக்கத்தின் புளுகு நாற்பது வருஷம் ஓடியது. காரணம், அவர் கெட்டிக்காரர் என்பதல்ல. பெண்டாட்டி கெட்டிக்காரி.

அந்தச் சனிக்கிழமையும் ஜெயமேரி மொச்சை உரித்துக்கொண்டிருந்த இடத்தில் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

"படி. ஆனா ஒண்ணு. செல்வின்னு வர்ற எடத்துல எல்லாம் செல்வன்னு படிச்சுரு. சடைய நான் கண்டுக்காம உட்டுர்றேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, கொத்தவரங்காயாட்ட இடுப்பு. இத வெச்சுட்டு ஸ்பேனர் புடிக்க முடியுமாங்க? படம் போட்டவன் ஆம்பளதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். பொம்பளையால ஆவாது."

"நான் அதைச் சொல்லலைங்க. ஒரு சிப்பம் காப்பிப் பழத்தத் தலையில வெச்சுட்டு நீங்க நிக்கற மேட்டுக்கு நான் ஏறி வருவேன். நீங்க கையில கொடையோட நின்னுட்டு, சுருக்கா வா, சுருக்கா வாம்பீங்க. அப்ப எனக்கு இடுப்பு இப்படியா இருந்துச்சு? சுமக்கறவ இடுப்ப அவன் பாத்ததில்லைன்னு சொன்னேன்."

"இப்ப எதுக்கு அந்தக் கதை? செல்வன்னு படி."

"மாட்டேனுங்க."

"மாட்டீன்னா?"

"இந்தாங்க. கண்ணு எரியாதப்ப நீங்களே படிச்சுக்கோங்க."

நாற்பது வருஷத்தில் அவர் கண்ணைப் பற்றி அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று சூசைமாணிக்கத்துக்குப் பட்டது. முதல்முறையாக அது உண்மையாகவும் இருந்தது.

அவருக்கு வேர்த்துவிட்டது. நாளைக்கு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தால் வாயில் காற்றுதான் வரும். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது என்பது பக்கத்துக் கரடியூர் வரைக்கும் மதியத்துக்குள் போய்விடும். ஆள் மறந்தாலும் ஊர் மறக்காது. யோசித்தார். படிக்காமல் தப்பிக்க ஒரே வழி, படிப்பதே பாவம் என்று சொல்லிவிடுவதுதான். பெரிய மனிதர்கள் எல்லாம் செய்கிற வேலைதான் அது. நேரே டீக்கடைக்குப் போனார். பொன்னுவேல் அங்கே டீக்கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.

"பாய், இந்தப் பொஸ்தகத்த நாம பொறக்கணிக்கோணும்."

"எதுக்குங்க மேஸ்திரி?" நூர் முகமது பாய் பாலை இறக்கினார்.

"நம்ம பண்பாட்டுக்கு ஒத்து வராது. நாளைக்கு ஆரும் படிக்கறதில்ல."

பாய் வாயைத் திறப்பதற்குள் பொன்னுவேல் தொண்டையைச் செருமினார். "நீங்க வேணா பொறக்கணிச்சுக்கோங்க மேஸ்திரி. நாளைக்கு இடிமுட்டி நான் படிக்கறேன்."

"நீயா?"

"பின்ன? பொம்பளக் கொரலு ஆருதுங்க? என்னுது. நாப்பது வருசமா ஐயோ ஐயோன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சுங்க. ஒருக்காவாச்சும் ஒருத்தனக் குத்தி இருக்கறனா? இன்னைக்குத்தான் ஆண்டவன் கண்ணத் தொறந்திருக்கறாரு."

"இடிமுட்டின்னா நான்டா!"

"ஆம்பள இடிமுட்டின்னா நீங்க. பொம்பள இடிமுட்டின்னா நானுங்க. சட்டம் அப்படி."

இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று முப்பத்தெட்டு வயது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பாயின் மருமகள் ருக்சானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏனுங்க தாத்தா, பொம்பள பேசற எடத்துக்கு நம்மூருல பொம்பளையே இல்லீங்களா?"

தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறிக்குழம்பு கேட்டவளைப் பார்ப்பதுபோல மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"பாலப் பாரு கண்ணு, பொங்குது," என்றார் பாய். அடுப்பில் பாலே இல்லை.

கடைசியில் பாய்தான் தீர்ப்புச் சொன்னார். செல்வி முகமூடி போட்டிருந்தால் மேஸ்திரி குரல். கழற்றினால் பொன்னுவேல் குரல். ஒரு பெண் பிள்ளையைக் குறுக்கே பிளந்து இரண்டு கிழவர்களுக்குப் பங்கு வைத்த இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. புறக்கணிக்க வந்த சூசைமாணிக்கம், விட்டுக்கொடுக்க மனமில்லாமல், சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். பாதி வழியில்தான் தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொண்டது உறைத்தது.

வீட்டுக்கு வந்தால் ஜெயமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் சுவரோடு ஒட்டி நின்று காதைக் கொடுத்தார். ஒரு எழுத்தும் வெளியே வரவில்லை.

"கொஞ்சம் சத்தமாத்தான் படியேன். காது ஒண்ணும் எரியலை."

"எனக்குத் தொண்ட எரியுதுங்க," என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அவரும் வீம்புக்காரர். போடி என்று விட்டுவிட்டார். நாற்பது வருஷத்துப் புத்தகங்கள் மண்டைக்குள் இருக்கின்றன. இடிமுட்டி பேசுவது என்ன பெரிய புது வேதமா? சவால் விடுவான், குத்துவான், மறுபடி சவால் விடுவான். படத்தைப் பார்த்துப் பழைய வசனத்தில் ஒன்றை எடுத்து விட்டால் எவனுக்குத் தெரியப்போகிறது? இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். மொச்சைக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்தது. டீக்கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். சடை சமாச்சாரம் பரவியிருந்தது. வெளியே பெண்களும் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் நின்றார்கள். சூசைமாணிக்கம் கைவைத்த நாற்காலியில் சாய்ந்து, புத்தகத்தை விரித்தார். முதல் படத்தில் செல்வி முகமூடியோடு கிரேன் கொக்கியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே கடல். வாயிலிருந்து வசனம் கிளம்பியிருந்தது.

மேஸ்திரி மார்பை விரித்தார். எண்பத்தேழாம் வருஷத்துச் சரக்கு ஒன்று, கைதட்டல் வாங்கிக் கொடுத்தது, கைவசம் இருந்தது.

"அடேய் துரோகியே! என் தாய் வயிற்றில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவனடா நான்!"

பழக்கதோஷத்தில் நாலு பேர் கைதட்டினார்கள். அப்புறம் தட்டிய கைகள் அப்படியே நின்றன. பெஞ்சில் இருந்த மாரியப்பன் எட்டி அட்டையைப் பார்த்தார். சடை அங்கேதான் இருந்தது.

டீ கொடுக்க வந்த ருக்சானா மேஸ்திரியின் தோளுக்குப் பின்னால் குனிந்தாள். "தாத்தா, அங்க அப்படிப் போடலீங்களே. 'கயிற்றை விடாதே, நான் இன்னும் தோற்கவில்லை'ன்னுல்ல போட்டிருக்குது?"

"நான் கருத்தச் சொன்னேன் கண்ணு."

"கருத்தே வேறயா இருக்குதுங்களே."

பெஞ்சில் கசமுசா. "மேஸ்திரி போன மாசப் பொஸ்தகம் படிக்கறாரா?" என்று ஒருத்தர். "அதுலயும் அது இல்லைங்க," என்று இன்னொருத்தர். மார்கழிக் குளிரில் சூசைமாணிக்கத்தின் காதோரம் வேர்வை இறங்கியது. பொன்னுவேலுக்கு மூக்கு வேர்த்தது. அது வேறு வேர்வை. வாட்ச்மேன் வேலை பார்த்தவன் திருட்டை முகர்ந்துவிட்டான்.

"மேஸ்திரி, அது போவட்டுங்க. ரெண்டாவது கட்டம் படிங்க பாக்கலாம்."

சூசைமாணிக்கம் புத்தகத்தைப் பார்த்தார். எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. 'எ' தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஏதோ கொம்பு வைத்து நின்றது. அடுப்பு புஸ்ஸென்றது.

வாசலில் ஒரு குடை மடங்குகிற சத்தம் கேட்டது. ஜெயமேரி உள்ளே வந்தாள். அந்த வாசற்படியை அவள் தாண்டியது அதுதான் முதல்தடவை. தாண்டுவதற்கு அது ஒன்றும் பெரிய படியும் இல்லை.

"கண்ணாடிய ஊட்டுலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டாருங்க. சொன்னாக் கேக்கறதே இல்ல. இங்க குடுங்க."

பிறந்ததிலிருந்து கண்ணாடியே போடாத மனிதர், உடனே சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "அட, ஆமா," என்றார்.

அவள் புத்தகத்தை வாங்கி, நின்றபடியே படித்தாள்.

"எண்ணெய்க் கறை படிந்த கை என்று சிரித்தாயல்லவா? இந்தக் கை முறுக்கிய போல்ட்டில்தானடா... உன் கப்பல் மிதக்கிறது!"

அந்த 'தானடா'வுக்கு அப்புறம் ஒரு நிறுத்தம். அப்புறம் குரலைக் கிணற்றில் விட்டு எடுத்ததுபோல ஓர் இறக்கம். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். வெளியே நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள்.

"அக்கா, கண்ண மூடிட்டுக் கேட்டா அப்படியே நம்ம மேஸ்திரிங்க!" என்றார் மாரியப்பன். "எப்படிங்க புடிச்சீங்க அந்தக் கொரல?"

"கூடவே இருந்து கேட்டுக் கேட்டு வந்துருச்சுங்க," என்றாள் ஜெயமேரி. சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

யார் குரலை யார் கேட்டுப் பிடித்தார் என்று அந்தக் கடையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்ல அது அருமையான சமயம். சூசைமாணிக்கம் டீயைக் குடித்தார்.

"நின்னுட்டே எத்தன நேரம் படிப்பீங்க? உக்காருங்க அக்கா," என்ற பாய், மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தார். மேஸ்திரி எழுந்தார். கைவைத்த நாற்காலியில் ஜெயமேரி உட்கார்ந்தாள். அவருக்கு பெஞ்சில் பொன்னுவேல் பக்கத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பக்கம் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை.

"அப்ப முகமூடி கழட்டினா நானுங்களே?" என்றார் பொன்னுவேல் பாவமாக.

"இந்தப் பொஸ்தகத்துல அவ கழட்டறதே இல்லைங்கண்ணா. முழுசாப் படிச்சுட்டேன்."

ஒன்பதாம் பக்கம் வரை அவள் நிறுத்தவில்லை. மூன்று குத்து, ஒரு வெடி, பாயின் "அகப்பட்டாயா" நாலு தடவை. கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒன்பதாம் பக்கத்தில் சட்டென்று நிறுத்தினாள்.

"இது பழைய இடிமுட்டி பேசறது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருக்கறாரு. வில்லன் ஆளுங்க தூக்கிட்டுப் போறாங்க. இது உங்களுதுங்க."

சூசைமாணிக்கத்துக்கு உயிர் வந்தது. ஆயிரம் இருந்தாலும் பழைய இடிமுட்டி இடிமுட்டிதான்! கட்டிலில் கிடந்தாலும் சிங்கம். எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, மார்பை விரித்து, புத்தகத்தைப் பார்த்தார். பெரிய எழுத்து, இரண்டே வார்த்தை. கிட்டத்தில் கொண்டுபோனார். முதல் எழுத்து 'ஐ'. அடுத்தது 'யோ'.

அவர் புத்தகத்தை மெல்லக் கீழே இறக்கினார்.

பொன்னுவேலும் எட்டிப் பார்த்துவிட்டார். நாற்பது வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நாகலூர் பார்த்ததில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மேஸ்திரி தலையில் முக்காடாகப் போட்டுவிட்டார்.

"துண்டு எதுக்குடா?"

"துண்டு இல்லாட்டி அந்த வசனம் வராதுங்க மேஸ்திரி. நெஞ்சுல இருந்து எடுத்தாப் பத்தாது. அடிவயித்துல இருந்து வரோணும். நான் சொல்றனே, நம்புங்க."

யாரையும் நம்பாத மனிதர் கடையைச் சுற்றிப் பார்த்தார். பாய், ருக்சானா, மாரியப்பன், பெஞ்சில் இடம்பிடித்துவிட்ட பெண்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். முடியாது என்று உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால், எங்கே மேஸ்திரி, கண்ணாடி போட்டுக்கொண்டு அடுத்த மாசம் முழுசும் நீங்களே படியுங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். அதைவிட இது தேவலை. இதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. கேட்டுக் கேட்டுத் தலைகீழ்ப் பாடம்.

ஜெயமேரி ஒருமுறை இருமினாள்.

"ஐயோ! காப்பாற்றுங்கள்!"

"சத்தம் பத்தலைங்க," என்றாள் அவள், பக்கத்தைத் திருப்பாமல். "இன்னொருக்கா."